பெயர் மாறியது, பொறுப்பும் மாறியது: ஒரு டேட்டாபேஸ் கருவி சொல்லும் பாடம்

செல்போனில் 'அப்டேட் செய்யவா?' என்று கேட்டால் 'சரி' என்று ஒரு தட்டு தட்டுகிறோம். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு மருத்துவமனையின் நோயாளி விவரங்கள், ஒரு கல்லூரியின் மதிப்பெண்கள், ஒரு ஆன்லைன் கடையின் ஆர்டர்கள் எல்லாம் குடியிருக்கிற டேட்டாபேஸை அப்படித் தட்டிவிட்டுத் தூங்கப் போக முடியாது. அதைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோவது என்பது ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை.

அதனால்தான் பல அலுவலகங்களில் ஒரு பேச்சு சகஜம்: "ஓடிட்டு இருக்குல்ல, அதை ஏன் போய் தொடணும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தொடாமலே விட்ட டேட்டாபேஸுக்கு ஒருநாள் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோகும். அன்று முதல் அது கதவைத் திறந்துபோட்ட வீடு.

இந்தப் பயத்தைக் குறைப்பதற்காகவே உருவான ஒரு கருவிதான் 'பிஜி-அப்கிரேட்'. உலகம் முழுவதும் பயன்படுகிற ஓபன் சோர்ஸ் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்கியூஎல் உடன் அது சேர்ந்தே வருகிறது. ஆனால் முதலில் அதன் பெயர் இதுவல்ல. 'பிஜி-மைக்ரேட்டர்' என்று வெளியே வளர்ந்து, 2010-ல்தான் புதுப் பெயரோடு வீட்டுக்குள் வந்தது. பெயர் மாறினால் என்ன, வேலை ஒன்றுதானே என்று தோன்றலாம். இல்லை. சாஃப்ட்வேர் உலகில் ஒரு கருவிக்கு வைக்கும் பெயர் ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை யார் கொடுக்கிறார்கள், யார் காப்பாற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் என்றால் என்ன?

அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம்தான் 'போஸ்ட்கிரெஸ்'. அதற்கு முன்பு அங்கே 'இங்க்ரெஸ்' என்ற டேட்டாபேஸ் இருந்தது. இங்க்ரெஸுக்குப் பிறகு வந்தது என்பதால் போஸ்ட்-இங்க்ரெஸ், சுருக்கமாக போஸ்ட்கிரெஸ். பின்னர் எஸ்கியூஎல் மொழி சேர்ந்ததும் 'போஸ்ட்கிரெஸ்95' ஆனது. வருடத்தைப் பெயரில் வைத்தால் சீக்கிரம் பழசாகிவிடும் அல்லவா? 1996-ல் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று மாற்றினார்கள். உச்சரிக்க வராமல் பலர் தடுமாறுவதால், 'போஸ்ட்கிரெஸ்' என்று கூப்பிட்டாலும் சரியே என்று அந்தக் குழுவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆக, பெயர்ச் சிக்கல் இந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல.

இதற்கு முதலாளி என்று ஒரு கம்பெனி கிடையாது. பல நாடுகளில் இருக்கிறவர்கள், பல நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 வருடங்கள் வரை திருத்தங்கள் கிடைக்கும். அதற்குப் பிறகு இல்லை. அதாவது, இதைப் பயன்படுத்துகிற எவரும் 5 வருடத்துக்கு ஒருமுறையாவது அஸ்திவாரத்தை மாற்றியே ஆக வேண்டும்.

அதில் அப்படி என்ன கஷ்டம்?

சின்ன அப்டேட்டில் கஷ்டம் எதுவும் இல்லை. 17.1-லிருந்து 17.2-க்குப் போவதென்றால் புரோகிராமை மட்டும் மாற்றிவிட்டு சர்வரை மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் போதும். பெரிய பதிப்பு மாறும்போதுதான் தலைவலி.

டேட்டாபேஸுக்குள் இரண்டு வகைத் தகவல்கள் இருக்கின்றன. ஒன்று, நாம் போட்டுவைக்கிற தகவல். பெயர், முகவரி, பில் தொகை போன்றவை. இன்னொன்று, டேட்டாபேஸ் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் பதிவேடு. எந்த டேபிளில் எத்தனை பத்திகள், எது எந்தக் கோப்பில் இருக்கிறது, யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தப் பதிவேட்டின் அமைப்பு ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் மாறும். பழைய பதிவேட்டைப் புதிய சர்வர் படிக்காது.

இதற்கு வெகுகாலமாக இருந்த ஒரே நம்பிக்கையான வழி 'டம்ப்'. உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் எஸ்கியூஎல் கட்டளைகளாக வெளியே கொட்டி, காலியான புதிய டேட்டாபேஸில் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றுவது. பத்திரமான வழிதான். ஆனால் மொத்தத் தகவலையும் மறுபடி எழுத வேண்டும், எல்லா இண்டெக்ஸ்களையும் புதிதாகக் கட்ட வேண்டும். சில ஜிபி என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். சில டெராபைட் என்றால் மணிக்கணக்கு, சமயங்களில் நாள்கணக்கு. அதுவரை சேவையை நிறுத்திவைக்க எந்த மருத்துவமனையால் முடியும்?

இங்கேதான் ஒரு கெட்டிக்கார யோசனை வருகிறது. பதிவேடு அடிக்கடி மாறினாலும், நாம் போட்ட தகவல் கோப்புகளில் உட்கார்ந்திருக்கும் விதம் அவ்வளவாக மாறுவதில்லை. 2008-ல் வந்த 8.3 பதிப்பில் அமைந்த பக்க வடிவத்தின் எண்தான் இன்றுவரை தொடர்கிறது. அப்படியென்றால் எல்லாவற்றையும் கொட்டி ஏற்றுவது எதற்கு? பதிவேட்டை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டு, தகவல் கோப்புகளை அப்படியே தூக்கி வைத்தால் போதாதா? பிஜி-அப்கிரேட் செய்வது இதைத்தான்.

ஒரு பெயர், இரண்டு பிறவிகள்

'பிஜி-அப்கிரேட்' என்ற பெயர் முதன்முதலில் 2010-ல் வரவில்லை. 1990-களின் கடைசியிலேயே அதே பெயரில் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் போஸ்ட்கிரெஸுடன் வந்துகொண்டிருந்தது. அதன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்குப் பழைய வெளியீட்டுக் குறிப்புகளே சாட்சி. 1999-ல் 6.5 பதிப்பு வந்தபோது, கோப்பு வடிவம் மாறிவிட்டதால் இந்தக் கருவி இந்தத் தடவை உதவாது என்று சொன்னார்கள். 2000-ல் 7.0 வந்தபோது, 6.5-லிருந்து வருகிறவர்கள் இதைப் பயன்படுத்தலாம், ஆனாலும் முழு டம்ப்தான் உறுதியான வழி என்று சேர்த்தே எழுதினார்கள். ஒரு வருடம் ஓடும், ஒரு வருடம் ஓடாது. சில வருடங்களில் அது தொகுப்பிலிருந்தே விலக்கப்பட்டது.

தப்பு அந்த ஸ்கிரிப்டின் மீது இல்லை. கோப்பு வடிவம் அன்றைக்கு ஒரு நிலைக்கு வரவில்லை. வடிவத்தை மாற்றுகிறவர்களுக்கு, 'நாம் இப்படி மாற்றினால் அப்கிரேட் கருவி என்ன ஆகும்?' என்று யோசிக்க வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. பெயர் ஒன்றைச் சொன்னது, நடைமுறை வேறொன்றைச் செய்தது.

அடுத்த பிறவி வெளியே நடந்தது. போஸ்ட்கிரெஸை வைத்துத் தொழில் செய்யும் எண்டர்பிரைஸ்டிபி நிறுவனத்தில் இந்த யோசனை மறுபடி உயிர் பெற்றது. வைத்த பெயர் 'பிஜி-மைக்ரேட்டர்'. போஸ்ட்கிரெஸ் குழுவின் மூத்த உறுப்பினர்களில் ஒருவரான ப்ரூஸ் மோம்ஜியன் அதை எடுத்து வளர்த்தார். 2009 ஜூலையில் 8.4 பதிப்பு வந்தபோது, 8.3-லிருந்து அதற்குத் தாவ இந்தக் கருவி கைகொடுத்தது. ஆனால் டேட்டாபேஸுடன் சேர்ந்து வரவில்லை. தனியாகத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2010 மே மாதம் கருவி போஸ்ட்கிரெஸின் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. அப்போதுதான் 'மைக்ரேட்டர்' போய், பழைய பெயரான 'அப்கிரேட்' திரும்பி வந்தது. அந்த வருடம் செப்டம்பரில் வெளியான 9.0 பதிப்போடு அது உலகத்துக்குப் போனது.

'இடம்பெயர்வா', 'மேம்பாடா'?

தமிழில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். மைக்ரேஷன் என்றால் இடம்பெயர்வு. ஊரை விட்டு ஊர் போவது. சட்டிபானையைக் கட்டிக்கொண்டு, பாதியை விட்டுவிட்டு, மீதியை உடைத்துக்கொண்டு போய்ச் சேர்வது. அப்கிரேட் என்றால் இருக்கிற வீட்டையே மேம்படுத்துவது. டேட்டாபேஸ் துறையில் 'மைக்ரேஷன்' என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலானவர்களின் மனதில் வருவது, ஆரக்கிளிலிருந்தோ மைஎஸ்கியூஎல்லிலிருந்தோ போஸ்ட்கிரெஸுக்கு மாறுவதுதான். அது முற்றிலும் வேறு வேலை, வேறு கருவிகள், வேறு ஆபத்துகள். போதாததற்கு, ஒரே டேட்டாபேஸுக்குள் டேபிள் அமைப்பை மாற்றுவதையும் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் 'மைக்ரேஷன்' என்றே சொல்கிறார்கள். ஒரே சொல்லுக்கு மூன்று வேலை.

'வேலை செஞ்சா போதும், பேர்ல என்ன இருக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பெயரை மாற்றினால் ஏற்கெனவே எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் உடையும், பழைய வழிகாட்டிகள் பிழையாகும், தேடினால் பழைய பெயரில் பாதியும் புதுப் பெயரில் பாதியும் கிடைக்கும். காரணம் இல்லாமல் பெயர் மாற்றுவது பயனாளிகளுக்குச் செய்யும் தொல்லை.

ஆனால் தப்பான பெயரால் தகவலே போன சம்பவங்கள் இதே போஸ்ட்கிரெஸில் நடந்திருக்கின்றன. அதன் கோப்புறைகளில் ஒன்றின் பெயர் 'பிஜி-எக்ஸ்லாக்'. இன்னொன்று 'பிஜி-சிலாக்'. முதலாவதில் இருப்பது, சர்வர் திடீரென நின்றால் தகவலை மீட்க உதவும் பதிவு. இரண்டாவதில் இருப்பது, எந்தப் பரிவர்த்தனை முடிந்தது, எது கைவிடப்பட்டது என்ற கணக்கு. இரண்டுமே உயிர்நாடி. ஆனால் பெயரில் 'லாக்' என்று இருந்ததால், டிஸ்க் நிரம்பியதும் "ஏதோ பழைய லாக் ஃபைல்தானே, அழிச்சிடலாம்" என்று சிலர் அழித்துவிட்டார்கள். போனது போனதுதான், மீட்க வழியில்லை. அதனால் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில் முதலாவதை 'பிஜி-வால்' என்றும் இரண்டாவதை 'பிஜி-எக்ஸாக்ட்' என்றும் மாற்றினார்கள். இப்படி அழித்துவிடும் தவறுகளைத் தடுக்கத்தான் இந்த மாற்றம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினார்கள். ஸ்கிரிப்டுகள் உடையும் என்று தெரிந்தும்தான் செய்தார்கள். உடைந்த ஸ்கிரிப்டை அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம், அழிந்த தகவலை அப்படிச் செய்ய முடியாது.

ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடித்து எழுந்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆபரேட்டர் நூறு பக்க வழிகாட்டியைப் படிக்கப் போவதில்லை. கண்ணில் படும் பெயரை வைத்துத்தான் முடிவெடுப்பார். அந்தப் பெயர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

பெயரைவிடப் பெரியது, முகவரி

2010-ல் பெயரோடு முகவரியும் மாறியது. உண்மையில் அதுதான் பெரிய மாற்றம். ஒரு உதாரணம் பார்த்தால் புரியும்.

போஸ்ட்கிரெஸில் 'ஈநம்' என்று ஒரு தகவல் வகை உண்டு. ஒரு பத்தியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஆனால் கோப்புக்குள் 'சிவப்பு' என்ற சொல் எழுதப்படுவதில்லை. பதிவேட்டில் சிவப்புக்குக் கொடுத்திருக்கும் ஒரு எண்தான் எழுதப்படும். இப்போது புதிய பதிப்பில் பதிவேட்டைப் புதிதாக எழுதுகிறோம். அங்கே சிவப்புக்கு வேறு எண் விழுந்தால்? தகவல் கோப்பில் இருப்பது பழைய எண். அது எதைச் சுட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. பள்ளியில் எல்லோருக்கும் ரோல் நம்பரை மாற்றிவிட்டு, பழைய விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்தது போல ஆகிவிடும்.

வெளியே இருக்கும் கருவியால் இதைச் சரிசெய்ய முடியாது. 'பழைய எண்ணையே திரும்பக் கொடு' என்று சர்வரிடம் சொல்ல வழி வேண்டும். அந்த வழியை சர்வருக்குள்தான் எழுத வேண்டும். 9.0 பதிப்பில் அதைத்தான் செய்தார்கள். அப்கிரேட் நடக்கும்போது பழைய எண்களைக் காப்பாற்ற சர்வருக்குள்ளேயே வழி செய்தார்கள். கருவி வெளியே இருந்தவரை 'ஈநம் இருந்தால் என்னால் முடியாது' என்று ஒதுங்கத்தான் முடிந்தது. உள்ளே வந்ததும் அந்தச் சாக்குக்கு இடமில்லாமல் போனது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கருவி உள்ளே வந்ததிலிருந்து, போஸ்ட்கிரெஸில் கோப்பு வடிவத்தைத் தொடுகிற எந்த மாற்றத்துக்கும் ஒரு கேள்வி நிச்சயம் எழும்: 'பிஜி-அப்கிரேட் பண்ணா என்ன ஆகும்?' பதில் இல்லாமல் அந்த மாற்றம் உள்ளே வருவது கடினம். புரோகிராமில் மாற்றம் வரும்போது ஓடுகிற தானியங்கிச் சோதனைகளில் அப்கிரேட் சோதனையும் ஒன்று. வெளியே இருக்கும் ஒரு பிஜி-மைக்ரேட்டருக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். 'அப்கிரேட்' என்ற பெயரைக் கொடுத்ததால், அதைக் காப்பாற்றும் கடமை குழு முழுவதன் தலையிலும் ஏறிவிட்டது.

இதை ஒரே நாளில் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 9.0 முதல் 9.4 வரை இந்தக் கருவி 'கான்ட்ரிப்' என்ற துணைப் பகுதியில்தான் இருந்தது. கூடவே வரும், ஆனால் குடும்பத்தில் முழு உரிமை இல்லை என்ற மாதிரி. 2016 ஜனவரியில் வந்த 9.5-ல்தான் அது முதன்மைக் கருவிகள் இருக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டது. இது அவசியமான நிதானம் என்றே சொல்ல வேண்டும். காரணம், நடுவில் நடந்த ஒரு விபத்து.

2011-ல் என்ன நடந்தது?

ஒரு வரியில் அடங்காத பெரிய தகவல்களை, உதாரணமாக நீளமான கட்டுரையையோ ஒரு படத்தையோ, போஸ்ட்கிரெஸ் தனியாக 'டோஸ்ட்' என்ற துணை டேபிளில் வைக்கும். ஒவ்வொரு வரியோடும் அதை எழுதிய பரிவர்த்தனையின் எண் இருக்கும். அந்தப் பரிவர்த்தனை முடிந்ததா என்ற கணக்கு வேறு ஒரு கோப்பில் இருக்கும். எந்த எண் வரையான கணக்கு இனித் தேவையில்லை என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. பிஜி-அப்கிரேட் டோஸ்ட் டேபிள்களுக்கான அந்தக் குறியீட்டைச் சரியாக எடுத்துச் செல்லவில்லை.

விளைவு உடனே தெரியவில்லை, ஆபத்தே அதுதான். அப்கிரேட் நன்றாக முடிந்தது போலவே இருக்கும். டேட்டாபேஸ் ஓடும். பின்னால் ஒருநாள், தேவையில்லை என்று நினைத்துப் பழைய கணக்குக் கோப்புகளை டேட்டாபேஸே அழிக்கும். அதற்கப்புறம் அந்தப் பெரிய தகவலைப் படிக்கப் போனால் பிழைச் செய்தி வரும்.

2011 ஏப்ரலில் 9.0.4, 8.4.8 ஆகிய பதிப்புகளில் இது திருத்தப்பட்டது. தகவல் இழப்புக்கு வாய்ப்பு இருக்கிறது என்று மூடிமறைக்காமல் அறிவித்தார்கள். ஏற்கெனவே அப்கிரேட் செய்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று தனி ஸ்கிரிப்டும் கொடுத்தார்கள். பிறகு 9.3 பதிப்பிலும் பரிவர்த்தனை எண்களை ஒட்டிய வேறு சில கோளாறுகள் தலைகாட்டி, அடுத்தடுத்த சிறு பதிப்புகளில் சரிசெய்யப்பட்டன.

இந்தச் சம்பவத்தை வைத்து 'பார்த்தீங்களா, டம்ப்தான் பத்திரம்' என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி இது: இதே பிழை, யாரோ சிலர் வெளியே வைத்து வளர்க்கும் கருவியில் இருந்திருந்தால், திருத்தம் எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்திருக்கும்? டேட்டாபேஸின் வழக்கமான அப்டேட்டோடு அது வந்ததால்தான், பிஜி-அப்கிரேட் என்ற பெயரையே மறந்துபோனவர்களுக்கும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. பிழையே வராது என்று எந்த சாஃப்ட்வேரும் சத்தியம் பண்ண முடியாது. வந்தால் யார் பொறுப்பு என்பது தெரிந்திருந்தால், அதுதான் நம்பிக்கைக்கு அடிப்படை.

பெயர் சொல்லாத விஷயங்கள்

அதற்காக 'அப்கிரேட்' என்ற பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று நம்பி இறங்கினாலும் தப்பு. அந்தப் பெயர் சொல்லாமல் விட்ட சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, திரும்பி வரும் வழி. இந்தக் கருவி தகவல் கோப்புகளை நகலெடுத்தும் வைக்கும், 'லிங்க்' முறையிலும் வைக்கும். லிங்க் என்றால் நகல் எடுக்காமல், ஒரே கோப்புக்கு இரண்டு வாசல் வைப்பது. பெரிய டேட்டாபேஸும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிவிட்டால், பழையதைப் பத்திரமாகத் திரும்ப ஓட்ட முடியாது. இரண்டுக்கும் கோப்பு ஒன்றுதானே? எனவே லிங்க் முறையைத் தேர்ந்தெடுப்பவர் கையில் பேக்கப் இருந்தே ஆக வேண்டும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒருமுறை மீட்டும் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வேகம். அப்கிரேட் முடிந்த மறுநாள் "சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சு" என்ற புகார் பல வருடங்களாக வழக்கம். எந்த டேபிளில் எவ்வளவு தகவல், எப்படிப் பரவியிருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான் டேட்டாபேஸ் தேடும் வழியைத் தீர்மானிக்கிறது. அந்தப் புள்ளிவிவரங்களைக் கருவி எடுத்துச் செல்லாது. அப்கிரேட் முடிந்ததும் 'அனலைஸ்' கட்டளையை ஓட்டிப் புதிதாகத் திரட்ட வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த 18-ஆம் பதிப்பில்தான் பெரும்பாலான புள்ளிவிவரங்களைக் கூடவே எடுத்துச் செல்லும் வசதி வந்தது.

மூன்றாவது, மாறும் இயல்புநிலைகள். அதே 18-ஆம் பதிப்பில் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸுக்கு 'செக்சம்' சோதனை தானாகவே இயங்கும். பழையதில் அது இல்லையென்றால் இரண்டும் பொருந்தாது என்று கருவி நின்றுவிடும். நல்லவேளையாக, எதையும் தொடாமல் சோதித்து மட்டும் பார்க்கும் 'செக்' வசதி இதில் உண்டு. அதை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்காமல் சனிக்கிழமை ராத்திரி நேராக வேலையில் இறங்குவது, டெஸ்ட் டிரைவ் பண்ணாமல் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது மாதிரி.

நான்காவது, சுற்றுப்புறம். போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற கூடுதல் நீட்சிகள் புதிய பதிப்புக்கும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பிரதி சர்வர்கள் இருந்தால் அவற்றுக்குத் தனி நடைமுறை. ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் சேர்த்து மாற்றினால் இன்னொரு சிக்கல். எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் லினக்ஸின் அடிப்படை நூலகத்திடம்தான் கேட்டுக்கொள்கிறது. 2018-ல் ஜிலிப்சி 2.28 பதிப்பில் அந்த விதிகள் பெரிய அளவில் மாறின. பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ் புதிய வரிசையில் தேடினால் இருக்கும் தகவலையே 'இல்லை' என்று சொல்லலாம். டேட்டாபேஸ் கருவியின் பெயரில் இதற்கெல்லாம் எச்சரிக்கை இருக்காது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

மைஎஸ்கியூஎல் வேறு வழியில் போனது. அங்கே வெகுகாலம் 'மைஎஸ்கியூஎல்-அப்கிரேட்' என்ற தனிக் கருவி இருந்தது. புதிய சர்வரை நிறுவிய பிறகு அதை ஓட்ட வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள். 2019-ல் வந்த 8.0.16 பதிப்பிலிருந்து அந்த வேலையை சர்வரே ஸ்டார்ட் ஆகும்போது செய்துகொள்கிறது. தனிக் கருவி தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

பயனாளிக்கு வசதி இதுதான் என்று வாதிடலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. புதிய சர்வர் ஸ்டார்ட் ஆனதும் வேலை தானாக நடந்துவிடுவதால், 'இப்போது திரும்ப முடியாத ஒரு காரியத்தைச் செய்யப் போகிறோம்' என்று நின்று யோசிக்கும் கணம் காணாமல் போகிறது. தனியாக ஒரு கட்டளையை டைப் பண்ண வேண்டியிருப்பது தொந்தரவு மாதிரி தெரிந்தாலும், அந்த நிமிடத்தில் ஒரு மனிதர் முடிவெடுக்கிறார். முக்கியமான தகவல் இருக்கும் இடத்தில் அந்த நிமிடம் தேவை. போஸ்ட்கிரெஸ் தேர்ந்தெடுத்த வழி கொஞ்சம் பழமையானதாகத் தெரியலாம். ஆனால் பொறுப்புள்ள வழி.

நமக்கு இதில் என்ன?

மத்திய அரசு 2015-லேயே அரசுத் துறைகளில் ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. தனியாரிலும் லைசென்ஸ் செலவைக் குறைக்க போஸ்ட்கிரெஸுக்கு மாறுவது சகஜமாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் மாறும்போது போடுகிற கணக்கில் பெரும்பாலும் ஒன்று விட்டுப்போகிறது: 'ஐந்து வருஷம் கழிச்சு இதை யார் அப்கிரேட் பண்ணப் போறாங்க?'

டெண்டரில் நிறுவுவதற்குப் பணம் இருக்கும், பயிற்சிக்குப் பணம் இருக்கும். அடுத்த பெரிய பதிப்புக்குக் கொண்டுபோகும் வேலைக்குத் தனி வரி இருக்காது. நிறுவிய கம்பெனி போயிருக்கும், பாஸ்வேர்டு தெரிந்தவர் வேலை மாறியிருப்பார். கருவி எவ்வளவு நன்றாக இருந்தும் பயன் இல்லை, ஓட்ட ஆள் இல்லையென்றால். ஒப்பந்தத்திலேயே அப்கிரேட் எப்போது, யார், எந்த முறையில், தோற்றால் எப்படித் திரும்புவது என்று எழுதச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு நகல் சர்வரில் ஒத்திகை பார்க்க வேண்டும். 18-லிருந்து 19-க்குப் போவது ஒரு சின்னப் படி. 9-லிருந்து நேராக 18-க்குப் போவது மாடியிலிருந்து குதிப்பது.

இன்னொரு கடமையும் இருக்கிறது. புதிய வசதிகளை எழுதுகிறவர்களுக்குக் கைத்தட்டல் கிடைக்கும். பழைய தகவலைச் சேதாரமில்லாமல் புதிய பதிப்புக்குக் கொண்டுசேர்க்கும் கருவியை எழுதுகிறவர்களுக்கு அவ்வளவாகக் கிடைக்காது. வேலை சரியாக நடந்தால் யாருக்கும் தெரியாது, தப்பினால் மட்டும்தான் பேர் அடிபடும். ஓபன் சோர்ஸால் லாபம் பார்க்கிற நிறுவனங்கள், தங்கள் இன்ஜினியர்களின் நேரத்தில் ஒரு பகுதியை இந்த மாதிரி வேலைக்கு ஒதுக்குவது தர்மம் அல்ல, தற்காப்பு. ஒரு புதிய பதிப்பு சோதனை நிலையில் இருக்கும்போதே தங்கள் டேட்டாபேஸின் நகலில் பிஜி-அப்கிரேட் ஓட்டிப் பார்த்து, உடைந்தால் எழுதிச் சொல்வதுகூடப் பெரிய உதவிதான். அதற்கு சி மொழி தெரிய வேண்டியதில்லை.

பிஜி-மைக்ரேட்டர் என்ற பெயரோடு வெளியே நின்றிருந்தால், அந்தக் கருவி இன்றும் 'முடிந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்ற நிலையிலேயே இருந்திருக்கலாம். 'அப்கிரேட்' என்று பெயர் சூட்டி உள்ளே அழைத்தவர்கள் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். நடுவில் சறுக்கினாலும் அந்த வாக்கைப் பதினைந்து வருடங்களாகக் காப்பாற்றிவருகிறார்கள். கருவியை எழுதுகிறவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். ஓட்ட வேண்டிய தேதியை நாள்காட்டியில் குறித்துவைப்பது, டேட்டாபேஸை வைத்திருக்கிறவர்களின் வேலை.